சிவப்புக் கோடு இல்லையென்றால் பிழை இல்லையா?

ஒரு சிறிய கேள்வியுடன் தொடங்குவோம். "சூரியன் மேற்கே உதிக்கிறது." இந்த வாக்கியத்தில் பிழை உண்டா?

"இதென்ன கேள்வி? முழுவதும் பிழைதானே!" என்பீர்கள். நல்லது. இதே வாக்கியத்தை உங்கள் தமிழாசிரியரிடம் காட்டி, இலக்கணப் பிழை இருந்தால் மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிடும்படி கேளுங்கள். எழுவாய் சரி, பயனிலை சரி, திணையும் எண்ணும் காலமும் சரி. சிவப்பு மைக்கு அங்கே வேலையே இல்லை. இலக்கணம் ஒன்று, உண்மை வேறொன்று. ஒரு வாக்கியம் இலக்கணத்தில் தேறி உண்மையில் தோற்கலாம்.

இந்த வேறுபாட்டை இப்போது ஏன் சொல்கிறேன்? உங்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு கைப்பேசிச் செயலி செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். அதற்கான கருவிகள் இன்று விலையின்றியே கிடைக்கின்றன. அக்கருவிகளைக் கையாளும்போது இலக்கணத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியை மறந்தால் என்ன நேரும் என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஒரே கூரையின் கீழ்

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலை, துருத்தி, சம்மட்டி, பட்டடைக்கல், குறடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தெருவுக்கு ஓட வேண்டியிருந்தால் அரிவாள் செய்து முடிக்க எத்தனை நாளாகும்!

நிரல் எழுதுவோர் முன்பு அப்படித்தான் ஓடிக் கொண்டிருந்தார்கள். நிரலை எழுத ஒரு மென்பொருள், அதைக் கணிப்பொறிக்குப் புரியும் மொழிக்கு மாற்ற வேறொன்று, மாற்றிய துண்டுகளை இணைக்க இன்னொன்று, பிழை பார்க்க மற்றொன்று. 1983ஆம் ஆண்டில் போர்லாண்ட் என்ற நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல், எழுதுதல், மொழிமாற்றல், ஓட்டிப் பார்த்தல் ஆகியவற்றை ஒரே திரைக்குள் கொண்டு வந்து புகழ் பெற்றது. பின்னர் வந்த டர்போ சி நம் ஊர்க் கல்லூரிகளில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது. அதன் நீலத் திரையில்தான் நானும் முதல் நிரலை எழுதினேன்.

இத்தகைய மென்பொருள்களுக்கு 'ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல்' என்று பெயர். சுருக்கமாக ஐ.டி.இ. என்பார்கள். பெயர் சற்று நீளமாக இருப்பதால் நாம் அதைப் 'பட்டறை' என்றே அழைப்போம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான பட்டறையின் பெயர் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. கூகுள் நிறுவனம் இதை 2013 மே மாதத்தில் அறிவித்தது. முதல் முழுமையான பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. ஜெட்பிரெயின்ஸ் என்ற நிறுவனத்தின் இன்டெலிஜே என்னும் பட்டறையை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது இது. இதில் பெரும்பாலும் கோட்லின் என்ற மொழியில் நிரல் எழுதுகிறார்கள். ஜாவா மொழியிலும் எழுதலாம். ஐபோனுக்கு இதே வேலையைச் செய்வது ஆப்பிள் நிறுவனத்தின் எக்ஸ்கோடு.

நிரலை நீங்கள் தட்டச்சு செய்யும்போதே பட்டறை கவனித்துக் கொண்டிருக்கிறது. அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தாலோ, இல்லாத பெயரைச் சொல்லி அழைத்தாலோ, உடனே அவ்விடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். பாதிப் பெயரை எழுதினால் மீதியைத் தானே எடுத்துக் கொடுக்கும். எல்லாம் முடிந்ததும் மேலே தெரியும் பச்சை அம்புக்குறியை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்!

அந்த ஓர் அழுத்தத்துக்குப் பின்னால் நடப்பவை பல. உங்கள் நிரல் முதலில் ஓர் இடைநிலை மொழிக்கு மாற்றப்படுகிறது. பிறகு ஆண்ட்ராய்டுக்கே உரிய டெக்ஸ் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. படங்கள், எழுத்துகள், திரையின் அமைப்பு ஆகியவற்றோடு சேர்த்து ஒரே பொதியாகக் கட்டப்படுகிறது. 'இது இன்னார் செய்தது' என்பதற்கு அடையாளமாக அப்பொதியின் மேல் மின்னணுக் கையொப்பம் இடப்படுகிறது. இறுதியில் கம்பி வழியாகக் கைப்பேசிக்குள் சென்று அமர்ந்து ஓடத் தொடங்குகிறது. இத்தனையும் ஒரு விரல் அழுத்தத்தில்!

வியப்புக்குரியதுதான். ஆனால் மேலே சொன்ன வரிசையை மீண்டும் ஒரு முறை படியுங்கள். நிரல் எழுப்பும் விடை உண்மையா என்று சோதிக்கும் படி அதில் எங்கேனும் இருக்கிறதா? இல்லை. பட்டறை நம் தமிழாசிரியரைப் போன்றது. இலக்கணத்தைத் திருத்தும். சூரியன் எந்தத் திசையில் உதிக்கிறது என்பது அதன் வேலையன்று.

மேசை மீது 'விழுந்து கொண்டிருந்த' கைப்பேசி

சென்ற கோடை விடுமுறையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தாள். பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக ஒரு செயலி செய்திருந்தாள். கைப்பேசியைத் தலையணையின் மீது விழவிட்டால், அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதைத் திரையில் காட்ட வேண்டும். அழகான எண்ணம்! விழுவதற்கு ஆகும் நேரத்தை அளந்துவிட்டால், உயரத்தைப் பாடப்புத்தகச் சமன்பாடே சொல்லிவிடும் அல்லவா?

"ஒரு பிழைகூட இல்லை சார். ஒரு சிவப்புக் கோடும் வரவில்லை" என்று மகிழ்ச்சியுடன் சொல்லிக் கைப்பேசியை மேசை மீது வைத்தாள். திரையில் "விழுகிறது" என்ற சொல் ஒளிர்ந்தது. கைப்பேசியோ மேசையின் மேல் அசையாமல் கிடந்தது.

"கையில் எடுத்து விழவிடு பார்ப்போம், அம்மா" என்றேன். மெத்தென்ற தலையணை மீது விழவிட்டாள். விழும் நேரத்தில் மட்டும் "விழுகிறது" என்ற சொல் மறைந்து போயிற்று!

இதில் தவறு எங்கே? கைப்பேசிக்குள் முடுக்கமானி என்ற உணரி இருக்கிறது. விழும் பொருளுக்கு விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் முடுக்கம் என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே 'முடுக்கமானி 9க்கு மேல் காட்டினால் விழுகிறது என்று பொருள்' என்று அவள் எழுதியிருந்தாள். கேட்பதற்குச் சரியாகத்தானே தோன்றுகிறது? ஆனால் நேர்மாறானதுதான் உண்மை. மேசை மீது சும்மா இருக்கும் கைப்பேசியில்தான் முடுக்கமானி 9.8 காட்டும். தடையின்றி விழும் கைப்பேசியில் அது ஏறக்குறையச் சுழி காட்டும்.

காரணம் இதுதான். முடுக்கமானிக்குள் மிக நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று, அதனினும் நுண்ணிய சிலிக்கான் வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. அத்துண்டு நகர்ந்தால் அருகிலுள்ள தகடுகளுக்கு இடையே மின்தேக்குதிறன் மாறும். அந்த மாற்றத்தைத்தான் உணரி எண்ணாக மாற்றித் தருகிறது. ஒரு பெட்டிக்குள் சுருள்வில்லில் கல்லைத் தொங்கவிட்டிருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். பெட்டி மேசையில் இருக்கும்போது கல்லின் எடையால் வில் நீண்டிருக்கும். பெட்டியைக் கைவிட்டால்? பெட்டியும் கல்லும் ஒன்றாகவே விழுகின்றன. வில்லை இழுக்க யாரும் இல்லை. அது தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பிவிடும். முடுக்கமானி அளப்பது இந்த வில்லின் நீட்சியைத்தான். தடையின்றி விழுபவன் தன் எடையை உணர மாட்டான் என்ற இதே கருத்துதான் 1907இல் ஐன்ஸ்டைனின் மனத்தில் உதித்து, 1915இல் பொதுச் சார்பியல் கோட்பாடாக வளர்ந்தது. அத்தகைய பெரிய செய்தி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது!

அவளுடைய நிரலில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை. இயற்பியல் பிழை இருந்தது. அதற்குச் சிவப்புக் கோடு போட எந்தப் பட்டறைக்கும் தெரியாது.

இன்னும் இரண்டு பிழைகள்

'9க்கு மேல்' என்பதை '2க்குக் கீழ்' என்று மாற்றினாள். இப்போது விழும்போது மட்டும் செயலி விழித்துக் கொண்டது. ஆனால் எவ்வளவு உயரத்திலிருந்து விழவிட்டாலும் திரையில் வந்த விடை ஒன்றே: "உயரம் 0.0 மீட்டர்."

அவள் முகம் வாடிவிட்டது. சமன்பாடு சரியாகத்தான் இருந்தது. உயரம் = 1/2 × முடுக்கம் × நேரம் × நேரம். பாடப்புத்தகத்தில் உள்ளது போலவே நிரலில் எழுதியிருந்தாள். நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டறையின் மற்றொரு மூலையில் தூசி படிந்து கிடக்கும் கருவி ஒன்றை அவளுக்கு அறிமுகப்படுத்த அதுவே நல்ல தருணம் என்று தோன்றிற்று.

அக்கருவியின் பெயர் பிழைநீக்கி. நிரலில் ஐயத்துக்குரிய வரியின் ஓரத்தில் சொடுக்கினால் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும். ஓடிக் கொண்டிருக்கும் நிரல் அந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். அப்போது நிரலுக்குள் இருக்கும் ஒவ்வோர் அளவின் மதிப்பையும் நாம் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு வரியாக நடத்திச் செல்லலாம். ஆய்வகத்தில் மின்சுற்றின் ஒவ்வொரு சந்திப்பிலும் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்ப்பது போன்றது இது.

நிறுத்திப் பார்த்தாள். முடுக்கம் 9.8. சரி. நேரம் 0.4. சரி. 1/2 மட்டும் தனியே எவ்வளவு என்று கேட்டாள். பட்டறை சொன்ன விடை 0!

வியப்பாக இருக்கிறதா? கோட்லின், ஜாவா போன்ற மொழிகளில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். மூன்றாம் வகுப்பில் நாம் வகுத்தது போலத்தான். 1ஐ 2ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 1. மீதியை மொழி எறிந்துவிடுகிறது. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதானே? 1/2 என்ற இடத்தில் 0.5 என்று எழுதியதும் உயரம் தோன்றிவிட்டது. இந்தப் பிழையை அவளே கண்டுபிடித்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த ஒளி, காலையில் பச்சை அம்பை அழுத்தியபோது வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. அளவுகோல் வைத்துச் சரியாக 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கைப்பேசியை விழவிடச் சொன்னேன். ஒரு முறை 20 சென்டிமீட்டர் என்று காட்டிற்று. அடுத்த முறை 78 என்றது. மீண்டும் 20. மீண்டும் 78. நடுவில் இருக்க வேண்டிய 45 மட்டும் வரவே இல்லை.

"கைப்பேசி கெட்டுவிட்டதா சார்?" என்று கேட்டாள்.

கைப்பேசி கெடவில்லை. அவள் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தாள். நிரல் தன் ஓட்டத்தின்போது எழுதும் குறிப்புகளைக் காட்டும் சாளரம் ஒன்று பட்டறையில் உண்டு. உணரியிலிருந்து ஒவ்வோர் அளவும் எந்த நொடியில் வந்தது என்பதை அதில் எழுதச் செய்தாள். அளவுகள் ஏறத்தாழ 0.2 விநாடிக்கு ஒன்றாக வந்து கொண்டிருந்தன. ஆண்ட்ராய்டில் உணரியின் வேகத்தை நாமே தெரிவு செய்ய வேண்டும். 'இயல்பு' என்று கேட்டால் 0.2 விநாடிக்கு ஒன்று என்ற அளவில் தரும். திரை நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று அறிய அது போதும். விழும் பொருளை அளக்கப் போதுமா?

45 சென்டிமீட்டர் விழ ஆகும் நேரம் ஏறத்தாழ 0.3 விநாடி. அதற்குள் ஓர் அளவு வரலாம், அல்லது இரண்டு வரலாம். ஆகவே செயலியின் கணக்கில் விழுந்த நேரம் 0.2 விநாடியாகவோ 0.4 விநாடியாகவோதான் இருக்க முடியும். சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். முன்னதற்கு உயரம் 20 சென்டிமீட்டர், பின்னதற்கு 78! சென்டிமீட்டர் குறியே இல்லாத, முழம் முழமாகக் கோடிட்ட கோலால் பென்சிலை அளப்பது போன்றது இது.

உணரியை 0.02 விநாடிக்கு ஒன்றாகத் தரும்படி கேட்டபோது, விழும் நேரத்துக்குள் பதினைந்து பதினாறு அளவுகள் வந்தன. விடை 44 அல்லது 50 என்று வந்தது. இப்போதும் முற்றிலும் துல்லியமில்லை. நேரம் இருமடி ஏறுவதால் நேரத்தில் உள்ள பிழை உயரத்தில் இரு மடங்காகிறது. ஆனால் இப்போது எவ்வளவு பிழை, ஏன் பிழை என்பது அவளுக்குத் தெரியும். அறிவியலில் இதற்கே மதிப்பு. கண்காட்சியில் செயலிக்கு அருகில் "இக்கருவியின் பிழை எல்லை" என்று ஓர் அட்டையும் எழுதி வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக மூன்று பிழைகள். ஒன்று இயற்பியலில், ஒன்று மொழியின் இயல்பில், ஒன்று அளவீட்டில். மூன்றுக்குமே பச்சை அம்பு தடை சொல்லவில்லை. மூன்று முறையும் செயலி சிரித்த முகத்துடன் ஓடியது.

செவ்வாயில் ஒரு பாடம்

"இது மாணவர் செய்த செயலி. பெரியவர்கள் செய்தால் இப்படி நேருமா?" என்று கேட்கத் தோன்றும். நேர்ந்திருக்கிறது.

1998 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் நாசா, செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராய ஒரு விண்கலத்தை அனுப்பியது. அதன் சிறு உந்துபொறிகள் தந்த உந்தத்தைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-விநாடி அலகில் கணக்கிட்டுக் கொடுத்தது. அதை வாங்கிப் பாதையைக் கணக்கிட்ட மென்பொருளோ எண்கள் நியூட்டன்-விநாடி அலகில் இருப்பதாக எடுத்துக் கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது ஏறத்தாழ 4.45 நியூட்டன். செவ்வாய்க்கு மேல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் செல்ல வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து சென்றதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் பின்புறம் மறைந்த அக்கலத்தின் குரல் மீண்டும் கேட்கவே இல்லை.

அந்த இரு மென்பொருள்களும் ஓடாமல் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டும் நன்றாகவே ஓடின. எண் என்பது கணிப்பொறிக்கு எண் மட்டுமே. அதன் அலகு நம் தலையில் இருக்கிறது. தேர்வில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் மீது இனி கோபித்துக் கொள்ளாதீர்கள்!

அப்படியானால் பட்டறை வேண்டாமா?

இவ்விடத்தில் இரு தரப்பாருடன் நான் கருத்து வேறுபடுகிறேன்.

முதல் தரப்பார், "பட்டறை மாணவரைச் சோம்பேறி ஆக்குகிறது. முதலில் வெறும் எழுதுபலகையில் நிரல் எழுதட்டும், ஒவ்வோர் ஆணையையும் கையால் இடட்டும்" என்கிறார்கள். இதில் சிறிது உண்மை உண்டு. ஆனால் அடைப்புக்குறியைத் தேடி ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பதில் பெரிய ஞானம் பிறப்பதாக நான் கருதவில்லை. அந்த மாலையைத் தலையணை மீது கைப்பேசியை விழவிட்டுப் பார்ப்பதில் செலவிடலாம். சலிப்பூட்டும் வேலையைக் கருவி செய்யட்டும், சிந்திக்கும் வேலையை நாம் செய்வோம்.

இரண்டாம் தரப்பார் இப்போது பெருகி வருகிறார்கள். "இனி நிரல் கற்கவே தேவையில்லை. வேண்டியதைச் சொன்னால் கணிப்பொறியே எழுதித் தரும்" என்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலேயே செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைச் சேர்ப்பதாகக் கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது. இன்று அது ஜெமினி என்ற பெயரில் பட்டறைக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. கேட்டால் பக்கம் பக்கமாக நிரல் எழுதித் தருகிறது. பல நேரங்களில் நன்றாகவும் எழுதுகிறது.

அதைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த மாணவி தன் மூன்று பிழைகளையும் கண்டது எப்படி? மேசை மீது கிடக்கும் பொருள் விழவில்லை என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. 45 சென்டிமீட்டர் என்பது அளவுகோலில் தெரிந்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் விடையை இயற்கையுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை மனிதருடையது. தான் எழுதிய நிரலையே சோதிக்க வேண்டுமென்றால், பிறர் எழுதித் தந்ததை இன்னும் எத்தனை மடங்கு சோதிக்க வேண்டும்! படித்துப் புரிந்து கொள்ள முடியாத ஒன்றை எப்படிச் சோதிப்பீர்கள்? ஆகவே உதவியாளன் திறமை பெறப் பெற, நாம் கற்க வேண்டியது குறையவில்லை, கூடுகிறது.

பட்டறைக்குள் இன்னொரு வசதியும் உண்டு. உண்மைக் கைப்பேசி இல்லாமலேயே கணிப்பொறித் திரையில் ஒரு போலிக் கைப்பேசியை உருவாக்கிச் செயலியை ஓட்டிப் பார்க்கலாம். பொத்தான்கள் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க அது மிகவும் உதவும். அதற்குள் போலி முடுக்கமானியும் உண்டு. ஆனால் அது காட்டும் எண் கணக்கிட்டுத் தரப்படும் எண். திரைக்குள் இருக்கும் கைப்பேசி தலையணை மீது விழாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

செயலி செய்யப் புறப்படும் உங்களுக்கு மூன்று வழக்கங்களைச் சிபாரிசு செய்கிறேன்.

முதலாவது, பட்டறையைத் திறக்கும் முன் தாளை எடுங்கள். செயலி என்ன விடை தர வேண்டும் என்பதைக் கையால் கணக்கிட்டு எழுதி வையுங்கள். 20 சென்டிமீட்டர் விழ 0.2 விநாடி, 45 சென்டிமீட்டர் விழ 0.3 விநாடி, 80 சென்டிமீட்டர் விழ 0.4 விநாடி என்று ஒரு சிறு அட்டவணை போதும். எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு எந்த விடையும் சரியாகவே தோன்றும்.

இரண்டாவது, தெரியாததை அளக்கும் முன் தெரிந்ததை அளந்து பாருங்கள். கடைக்காரர் தராசில் பொருளை வைக்கும் முன் வெறும் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பதில்லையா? மேசை மீது வைத்த கைப்பேசி 9.8க்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்றாவது, ஒரு வரியையும் விளக்க முடியாமல் விட்டுவைக்காதீர்கள். பட்டறை எடுத்துக் கொடுத்த வரியாகட்டும், உதவியாளன் எழுதிய வரியாகட்டும், நண்பனிடம் வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். எங்கே திக்குகிறீர்களோ அங்கே சிவப்புப் புள்ளியை வைத்து நிரலை நிறுத்துங்கள்.

"எங்கள் வீட்டில் கணிப்பொறி இல்லையே" என்று சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி நினைவகமாவது கொண்ட கணிப்பொறி வேண்டும் என்பது உண்மை. எல்லோருக்கும் அது வாய்க்காது. எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்று ஒன்று உண்டு. 2010இல் கூகுளில் தொடங்கி, 2012 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்து வருவது. வண்ணத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தியே அதில் நிரல் அமைக்கலாம். இணைய உலாவி இருந்தால் போதும், தனியே எதையும் கணிப்பொறியில் நிறுவ வேண்டியதில்லை. முடுக்கமானியும் அதில் கிடைக்கிறது. பள்ளிக் கணிப்பொறி அறையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் அமர்ந்தால் தொடக்கத்துக்கு அது போதுமானது. மூவரில் ஒருவர் எழுதட்டும், ஒருவர் தாளில் கணக்கிடட்டும், ஒருவர் "இது எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்டுக் கொண்டே இருக்கட்டும். மூன்றாமவரின் வேலைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது!

கைப்பேசியைப் பற்றிப் பெரியவர்கள் குறை கூறாத நாளில்லை. அந்தக் குறைகளில் பல நியாயமானவை. ஆனால் அதே கைப்பேசிக்குள் முடுக்கமானி இருக்கிறது, காந்தமானி இருக்கிறது, ஒலிவாங்கி இருக்கிறது, பலவற்றில் ஒளியளவியும் இருக்கிறது. என் மாணவப் பருவத்தில் எங்கள் ஆய்வகத்தில் இவையெல்லாம் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. இன்று உங்கள் கையில் இருக்கின்றன. பிறர் செய்த செயலியை விரலால் தள்ளிக் கொண்டே இருப்பவருக்கு அது பொழுதுபோக்கும் பெட்டி. தானே ஒரு செயலி செய்து அதன் விடையைச் சோதித்துப் பார்ப்பவருக்கு அது ஆய்வகம்.

ஆகவே, நண்பர்களே, பச்சை அம்பை அழுத்துங்கள். தயக்கம் வேண்டாம். செயலி ஓடியதும் கைதட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அளவுகோலையும் தலையணையையும் எடுத்துக் கொண்டு அப்போதுதான் வேலையைத் தொடங்குங்கள்.